ஒன்பது என்கிற அறை

கூடத்துச் சுவரில் ஒரு சிவப்புப் புள்ளி வந்து நிற்கிறது. கடுகைவிடக் கொஞ்சம் பெரியது. எதிர்ச் சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு அந்தப் பெண் நிற்கிறாள், கையில் சோப்புக்கட்டி அளவில் ஒரு கருவி, அது ஒரு முறை கீச்சிடுகிறது, அவள் ஓர் எண்ணைச் சொல்லிக்கொண்டே தாளில் எழுதுகிறாள். டேப் இல்லை. மறுமுனையைப் பிடிக்க ஆள் இல்லாமல் ஒரு அளவு எப்படிச் சரியாக இருக்கும். ஆஸ்பத்திரியின் துணிக்கிடங்கில் முப்பத்தாறு வருஷம் இருந்தேன், படுக்கை விரிப்பானாலும் தலையணை உறையானாலும் ஒற்றை ஆள் எண்ணியதை நாங்கள் எண்ணிக்கை என்று ஒத்துக்கொண்டதே இல்லை. ஒருத்தி எண்ணுவாள், இன்னொருத்தி மறுபடி சத்தமாக எண்ணுவாள், இரண்டும் ஒத்து வர வேண்டும். இந்தப் பெண்ணுக்கு யாரும் அதைச் சொல்லித் தரவில்லை போலிருக்கிறது. பெயர் எப்சிபா, கட்டடக் கலைக் கல்லூரி, இந்த ரயில் பாதையோரம் முதன்முதலில் கட்டின செங்கல் வீடுகளை இடிப்பதற்கு முன்னால் அளந்து படம் போட்டு வைக்கிறார்களாம். எங்கள் வீட்டைத் தை மாதம் இடிக்கப் போகிறார்கள். இடிக்கட்டும், எனக்கு அதில் பெரிய வருத்தம் இல்லை. நான் என் அறையில் ஜன்னல் திட்டில் உட்கார்ந்திருக்கிறேன், வாசற்படிக்கு அந்தப்பக்கம் கூடம் தெரிகிறது, கதவோரம் என் ரெக்ஸின் பை இருக்கிறது, அதில் நான்கு புடவை. என் கோபம் அந்தப் பையின் மேல்தான். ஞாயிற்றுக்கிழமை அண்ணன் பேத்தியைப் பெண் பார்க்கக் காஞ்சிபுரத்திலிருந்து வருகிறார்கள், அதனால் இன்று சாயந்தரம் கார் வந்து என்னை வண்டலூரில் ஒரு சொந்தக்காரன் வீட்டுக்குக் கொண்டு போகும். "கோபி வீட்டுல ரெண்டு நாள் இருந்துட்டு வாங்க அத்தை. ஏசி இருக்கு, டிவி பெரிசு." அண்ணன் மகன் பூபாலன் இதை என் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை, என் பையைப் பார்த்துச் சொன்னான். ஏன் என்று நான் கேட்கவில்லை. நான் கேட்க மாட்டேன் என்று அவனுக்கும் தெரியும், எழுபத்தெட்டு வயதுவரை கேட்காதவள் இனிமேலா கேட்கப் போகிறாள்.

கூடத்தில் அவன் அந்தப் பெண்ணுக்கு வீட்டின் சரித்திரத்தை அளந்து விட்டுக்கொண்டிருக்கிறான். "நூறு வருஷ வீடும்மா இது. எங்க தாத்தா இங்கிலீஷ்காரன்கிட்ட பிளான் வாங்கிக் கட்டினார். சுவர்லாம் பாரு, ரெண்டடி. முட்டை வெள்ளைக் கரு ஊத்திப் பூசினது." ஒவ்வொரு வாக்கியத்திலும் ஒரு தப்பு. நூறு இல்லை, எண்பத்தேழு. வராந்தா நெற்றியில் சிமெண்டில் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தெட்டு என்று எழுதியிருக்கிறது, தலையைத் தூக்கிப் பார்த்தால் போதும். பிளான் வாங்கவில்லை, அப்பா ரயில்வே பார்சல் ஆபீஸ் தாளின் பின்பக்கத்தில் பென்சிலால் போட்டார். மின்சார ரயில் ஓட ஆரம்பித்த ஏழாவது வருஷம், இந்தப் பக்கம் பனையும் ஏரியும்தான், காசநோய் ஆஸ்பத்திரிக்கு அருகில் காற்றே ஆகாது என்று யாரும் வர மாட்டார்கள், அப்பா வந்தார், ஏனென்றால் ஸ்டேஷனுக்கு ஆறு நிமிஷ நடை. முன்னால் ஒரு வராந்தா, அதற்கு இரண்டு தூண், ஐந்து படி. நடுவில் கூடம், கிழக்கே ஓர் அறை, மேற்கே என் அறை, பின்னால் சமையற்கட்டு, அப்புறம் கிணறு. சுவர் ரெண்டடி இல்லை, முக்காலடி. ஒரு செங்கல்லின் நீளம் எவ்வளவோ அவ்வளவு. மேல்தளம் மெட்ராஸ் டெரஸ், தேக்குக் கட்டைகள் மேல் மெல்லிய சின்னச் செங்கல்லை நெட்டுக்குத்தலாக அடுக்கிச் சுண்ணாம்பு போட்டது. கூடத்தில் பத்தொன்பது கட்டை, என் அறையில் பதின்மூன்று, எட்டாவது கட்டையில் ஒரு கண் இருக்கிறது, மரத்தின் கண், நான் படுத்தால் அது என்னைப் பார்க்கும். முட்டை ஊத்தினார்களா இல்லையா எனக்குத் தெரியாது, தெரியாததை நான் சொல்ல மாட்டேன். இவன் சொல்கிறான். இவன் அப்பாவும் இப்படித்தான், பாதி தெரிந்தால் முழுதாகச் சொல்லிவிடுவது அண்ணன் தணிகாசலத்தின் பழக்கம், ஆறு வருஷம் ஆகிறது அவன் போய், சொன்னதெல்லாம் இன்னும் வீட்டில் நடமாடுகிறது. ஒரு தாம்பரம் வண்டி போகிறது. ஜன்னல் கம்பி ஏழும் நடுங்கி நிற்கின்றன.

"அந்த ரூம்?" என்று அந்தப் பெண் கேட்கிறாள். "அது ஒன்பது" என்கிறான் பூபாலன். "ஒன்பதாவது ரூமா சார்?" அவன் சிரிக்கிறான். "மொத்தமே மூணு ரூம்தாம்மா. அது ஒன்பதடி. மனையடி சாஸ்திரத்துல ஆகாத அளவு. கொத்தனார் சொதப்பிட்டான், கதையே இருக்கு." கதை இருக்கிறது. அதை நான் அப்பா வாயிலேயே கேட்டிருக்கிறேன், யார் புதிதாக வந்தாலும் அவர் இந்த அறை நடுவில் நின்றுகொண்டு சொல்வார், எனக்கு ஏழு வயது, எட்டு வயது, அவர் வேட்டியைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். "உள்ளளவு பதினொண்ணுடா ஏகாம்பரம்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன். ஒரு வாரம் நான் டூட்டிக்குப் போயிட்டேன். அவன் வெளியளவு பதினொண்ணுக்குக் கயிறு கட்டிட்டான். இந்தச் சுவர் ஒரு முக்கால் அடி தின்னுச்சு, அந்தச் சுவர் ஒரு முக்கால் அடி தின்னுச்சு. வந்து பார்த்தா ஒன்பதரை. ஒன்பதுல எவனாவது குடியிருப்பானா?" வந்தவர்கள் சிரிப்பார்கள். அப்பா சிரிக்க மாட்டார், ஒரு விரலைத் தூக்குவார். "அப்புறம் நான் விட்டேனா?" என்பார். சொல்லிவிட்டு மேற்குச் சுவரில் உள்ளங்கையால் ஒரு தட்டு, நாலு எட்டு வைத்துப் போய்க் கிழக்குச் சுவரில் ஒரு தட்டு. அந்தச் சமயம் பார்த்து அம்மா சமையற்கட்டிலிருந்து கூப்பிடுவாள், "இலை போட்டாச்சு, ஆறிப் போவுது, அந்தச் சுவரை அப்புறம் கட்டிக்கலாம்." எல்லாரும் போய்விடுவார்கள். எப்போதும் அந்த இடத்தில்தான். அம்மாவுக்கு அந்தக் கதை அலுத்துப்போய்விட்டது, அவள் இந்த வீட்டுக்கு வந்ததே வீடு கட்டி மூன்று வருஷம் கழித்து, அவளுக்குக் கயிறும் தெரியாது ஏகாம்பரமும் தெரியாது. விட்டேனா என்றால் என்ன அர்த்தம். கொத்தனாரை அடித்தாரா, கூலியாளைத் துரத்தினாரா, சுவரைத் தட்டினால் என்ன அர்த்தம். நான் கேட்கவில்லை, ஏழு வயதிலும் நான் கேட்கிறவளாக இல்லை. அண்ணன் பிற்பாடு அதே கதையை அதே குரலில் சொல்வான், ஒன்பதரை என்கிற இடத்தில் நிறுத்திவிடுவான். அதற்குமேல் அவனுக்குத் தேவைப்படவில்லை.

சிவப்புப் புள்ளி இப்போது கிழக்கறைக்குள் போயிருக்கிறது. அப்பா இந்த ஒன்பதில்தான் படுப்பார். இங்கேதான் நாற்பத்தொன்பதாம் வயதில் ஒரு விடியற்காலை எழுந்திருக்கவில்லை. எனக்குப் பதினொன்று. அதுவரை ஒன்பது ஒரு வேடிக்கை, அதற்கப்புறம் ஒன்பது ஒரு தீர்ப்பு. அம்மா அறையைப் பூட்டினாள், புளிப் பானையும் உடைந்த நாற்காலியும் உள்ளே போயின. ஆறு வருஷம் பூட்டிக் கிடந்தது. எனக்குப் பதினேழாவது வயதில் இருமல் வந்தது, ஆஸ்பத்திரி பக்கத்தில் இருக்கிற ஊர், இருமல் என்றால் ஒரே இருமல்தான், எல்லாருக்கும் பயம், என் தட்டு தனி, என் டம்ளர் தனி, படுக்கத் தனியாக ஓர் இடம் வேண்டும், பூட்டைத் திறந்தார்கள். நாலு மாசம். டாக்டர் இரண்டு தடவை படம் எடுத்துவிட்டுச் சொன்னார், இது அந்த நோய் இல்லை, சாதாரண சளி, போய்ச் சாப்பிடு என்று. தட்டு சேர்ந்துகொண்டது. படுக்கை சேரவில்லை. "இருக்கட்டும், பழகிடுச்சு அவளுக்கு" என்றாள் அம்மா. புளிப் பானைக்கும் பழகியிருந்தது, அதை மட்டும் வெளியே எடுத்து வைத்தாள். அப்புறம் மூன்று பேர் என்னைப் பார்க்க வந்தார்கள், மூன்றும் நின்றன, மூன்றாவது நின்ற அன்று அண்ணன் வராந்தாவில் யாரிடமோ சொல்வது என் காதில் விழுந்தது, "ஒன்பதுல படுக்கிறவளுக்கு எங்க அமையும்." அப்படியென்றால் எழுப்பி வேறு இடத்தில் படுக்க வைக்கலாமே என்று கேட்டவனும் இல்லை. கிழக்கறை காலியாகத்தான் இருந்தது, அண்ணனுக்குக் கல்யாணமாகிறவரை இரண்டு வருஷம் அதில் சைக்கிள் நின்றது. சைக்கிளுக்கு நல்ல பதினோரடி அறை. அந்தக் கல்யாணத்துக்குத்தான் முதல் தடவை என்னை வெளியே அனுப்பினார்கள், பெருங்களத்தூரில் ஒரு நர்ஸ் வீட்டுக்கு, முகூர்த்தம் முடிந்து மூன்றாம் நாள் வந்தேன். மன்னிக்கு முதல் பிள்ளை தங்கவில்லை, அதுவும் ஒன்பது. கிணறு வற்றியது, ஊர் முழுவதும் வற்றியது, எங்கள் வீட்டில் மட்டும் அது ஒன்பது. பூபாலனுக்குக் காது குத்தினபோது, அவன் பரீட்சை எழுதினபோது, அவன் கல்யாணம், அவன் பெண் பிறந்தபோது. பதினொரு தடவை. பதினொரு தடவை பை கட்டியிருக்கிறேன், இது பன்னிரண்டு. பூபாலனைத் தூக்கி வளர்த்தவள் நான், அவனுக்குச் சோறு ஊட்டினது இந்த ஜன்னல் திட்டில் உட்கார வைத்துத்தான், ரயில் காட்டி, ஒரு பெட்டிக்கு ஒரு வாய். அன்றைக்கு ஒன்பது அவனை ஒன்றும் செய்யவில்லை.

கோபம் வந்தால் நான் எண்ணுவேன். ஜன்னல் கம்பி ஏழு. கட்டை பதின்மூன்று. வராந்தாப் படி ஐந்து, லாபம் நஷ்டம் என்று எண்ணிக்கொண்டு போனால் ஏறும்போது லாபத்தில் முடியும், இறங்கும்போதும் லாபத்தில் முடியும். கிணற்றுச் சுவரில் வெளியே தெரிகிற செங்கல் வரிசை பதினாறு. எல்லாம் எண்ணியாயிற்று, எண்ணாதது ஒன்றுதான். இந்த அறையின் அகலத்தை நான் அளந்ததே இல்லை. இருபத்திரண்டு வயதில் வேலைக்குச் சேர்ந்த முதல் மாசம், கிடங்கிலிருந்து துணி அளக்கிற டேப்பைப் புடவைத் தலைப்பில் முடிந்துகொண்டு வந்தேன். கதவைத் தாழ் போட்டு, ஒரு முனையை மேற்குச் சுவரில் வைத்து மிதித்துக்கொண்டு இரண்டு அடி தூரம்கூடப் போகவில்லை. சுருட்டி மறுநாள் கொண்டுபோய் வைத்துவிட்டேன். அளக்காதவரை அது அவர்கள் சொல்வது, அளந்துவிட்டால் அது உண்மை. தரையும் உதவவில்லை, சிவப்புச் சிமெண்ட், ஒரு கோடு கிடையாது, பதித்த கல்லாக இருந்திருந்தால் என்னையறியாமல் எண்ணியிருப்பேன். வருஷா வருஷம் புதுக் காலண்டர் வருகிறது, அதன் பின்பக்கத்தில் மனையடிப் பலன் அச்சடித்திருக்கும், ஆறு நல்லது, ஏழு ஆகாது, எட்டு நல்லது, ஒன்பது ஆகாது, நான் ஜனவரி முதல் தேதி அதை ஒரு தடவை படித்துவிட்டு ஆணியில் மாட்டுவேன். மாறியிருக்காது என்று தெரியும். இப்போது இவள் அளக்கப் போகிறாள். இன்னும் ஐந்து நிமிஷம். கிழக்கறையில் கருவி கீச்சிடுகிறது. சமையற்கட்டில் பூபாலன் பெண்டாட்டி இந்திரா மிக்சி போடுகிறாள், அது மாடு கத்துவது போல. என்ன புதிதாகத் தெரிந்துவிடப் போகிறது. எழுந்து போய் இந்தப் பெண்ணிடம் இந்த அறை வேண்டாம் என்று சொல்லிவிடலாம். படத்தில் இந்த இடத்தை வெள்ளையாக விட்டுவிடு. ஒரு வாக்கியம்தான். வாய் வரைக்கும் வருகிறது, அங்கே நிற்கிறது, எப்போதும் போல.

"உள்ள வரலாமாம்மா?" வாசற்படியில் அவள். என்னை அம்மா என்று கூப்பிட இந்த வீட்டில் ஆள் இல்லை, யாரையோ கூப்பிடுகிறாள் என்று ஒரு கணம் திரும்பிப் பார்க்கிறேன். "வாம்மா." படியைத் தாண்டும்போது நின்று கீழே பார்க்கிறாள், வாசல் இடுக்கில் அவளுடைய இரண்டு செருப்பில்லாத பாதமும் ஒன்றன்பின் ஒன்றாக அடங்கிவிடுகின்றன. "இந்தச் சுவர் தடியா இருக்கே" என்று தனக்குத்தானே சொல்கிறாள். கருவியை வாசல் ஓரத்தில் வைத்துப் பார்க்கிறாள். "நாற்பத்தாறு சென்டி. கூடத்துச் சுவரெல்லாம் இருபத்துமூணுதானே சார்?" பூபாலன் பின்னால் வந்து நிற்கிறான், படியைத் தாண்டவில்லை, அவன் பெரியவனான பிறகு தாண்டினதில்லை. "அந்தக் காலத்து ஆளுங்கம்மா. ஸ்ட்ராங்கா கட்டினாங்க." "ஒரு ரூமுக்கு மட்டுமா சார் ஸ்ட்ராங்கா கட்டுவாங்க?" "அத்தைக்குத்தான்" என்கிறான், சிரிப்பு, "அத்தை தப்பிச்சுப் போயிடக் கூடாதுல்ல." நானும் உதட்டை லேசாக விரித்துவிடுகிறேன், எவன் என்ன சொன்னாலும் இந்த உதடு அதுவாக விரிந்துகொள்கிறது, இதை வெட்டிப் போட்டால் தேவலை. அந்தப் பெண் சிரிக்கவில்லை. ஜன்னலுக்கு வந்து நான் உட்கார்ந்திருக்கிற திட்டைப் பார்க்கிறாள். "சும்மா உட்காருங்கம்மா, எழுந்திரிக்க வேணாம். இங்கயும் நாற்பத்தாறு." அவள் மேற்குச் சுவரில் முதுகை ஒட்டி நிற்கிறாள். சிவப்புப் புள்ளி என் கிழக்குச் சுவரில், அப்பாவின் உள்ளங்கை படுகிற உயரத்தில் வந்து நிற்கிறது. கீச்.

"ரெண்டு புள்ளி நாலு நாலு" என்கிறாள். எழுதுகிறாள். அவ்வளவுதான். அடுத்து நீளத்தை அளக்கப் போகிறாள். இரண்டு புள்ளி நாலு நாலு என்ன, மீட்டர். மீட்டருக்கு முப்பத்தொன்பது புள்ளி மூன்று ஏழு அங்குலம், கிடங்கில் பழைய விரிப்புகள் அங்குலத்தில், புதிய துணி மீட்டரில், முப்பத்தாறு வருஷம் மனக்கணக்கில் மாற்றிய எண். இரண்டு மீட்டர், எழுபத்தெட்டே முக்கால் போட்டுக்கொள். மீதி நாற்பத்துநாலு சென்டி, பதினேழும் ஒரு காலும் கொஞ்சமும். கூட்டினால் தொண்ணூற்றாறு. தொண்ணூற்றாறு அங்குலம். பன்னிரண்டால். தப்பு, எங்கோ விட்டுவிட்டேன், ஒன்பதடி என்றால் நூற்றெட்டு வர வேண்டும், ஒன்பதரை என்றால் நூற்றுப் பதினாலு. மறுபடி. எழுபத்தெட்டே முக்கால். பதினேழே கால். தொண்ணூற்றாறு. எங்கள் கட்டில் விரிப்பின் நீளம் தொண்ணூற்றாறு அங்குலம், அதை ஒரு நாளைக்கு முந்நூறு தடவை மடித்திருக்கிறேன், நாலாக மடித்தால் இரண்டு அடி. நாலிரண்டு எட்டு. எட்டு. மூன்றாம் தடவையும் போட்டுப் பார்த்துவிட்டேன், எட்டு. எட்டு நல்லது என்று காலண்டரில் போட்டிருக்கிறது.

என் கை திட்டின் மேல் இருக்கிறது. திட்டின் நடுவில் நீளவாக்கில் ஒரு விரிசல், சின்ன வயதிலிருந்து எனக்குத் தெரியும், நூல் பிடித்த மாதிரி நேராகப் போகும், அதில் எறும்பு போகும். எத்தனை தடவை பூசினாலும் அதே இடத்தில் விடும். ஓரத்தில் நான் தண்ணீர்ச் செம்பு வைத்து வைத்துப் பூச்சு பெயர்ந்து செங்கல் தெரிகிறது, இரண்டு செங்கல், விரிசலுக்கு வெளிப்பக்கம் ஒன்று, உள்பக்கம் ஒன்று. வெளிப்பக்கத்துச் செங்கல்லின் குழியில் ஒரு பிறை முத்திரை, சூளைக்காரன் போடுவது. உள்பக்கத்ததில் நட்சத்திரம். அழகாக இருக்கிறது என்று நினைத்திருக்கிறேன், பிறையும் நட்சத்திரமும். எண்ணத் தெரிந்த அளவுக்கு எனக்கு யோசிக்கத் தெரியவில்லை. நட்சத்திரச் செங்கல் இந்த வீட்டில் வேறெங்கே இருக்கிறது என்று கேட்டால் தூக்கத்தில்கூடச் சொல்வேன், கிணற்று மேடையில், பெயர்ந்த மேல்வரிசையில் அத்தனையும் நட்சத்திரம், கிணற்றில் போட்டிருக்கிற வருஷம் முப்பத்தொன்பது. வீடு முப்பத்தெட்டு. வீட்டுக்குப் பிறை, மறுவருஷம் கிணற்றுக்கு நட்சத்திரம், மீந்த நட்சத்திரத்தை என்ன செய்தார். அப்புறம் நான் விட்டேனா. மேற்கே ஒரு முக்காலடி, கிழக்கே ஒரு முக்காலடி, பழைய சுவரை ஒட்டி உள்ளே இன்னொரு சுவர், ஒன்பதரையில் ஒன்றரை போனால் எட்டு. இந்தச் சுவரில் ஒரு தட்டு, அந்தச் சுவரில் ஒரு தட்டு. அப்பா, இதைத்தான் தட்டினீர்களா. இலை போட்டாச்சு என்று அம்மா கூப்பிட்டபோது இன்னும் ஒரு வாக்கியம் நின்று சொல்லிவிட்டுப் போயிருக்கக் கூடாதா, சோறு ஆறினால் என்ன. நான் பிறப்பதற்கு எட்டு வருஷம் முன்னாலேயே ஒன்பது இந்த வீட்டில் இல்லை. அவர் செத்தபோது எட்டில் செத்தார். நான் இருமியது எட்டில். மூன்று பேர் வந்து நின்றுபோனது எட்டில். ஆக எட்டும் ஒன்றும் கொடுக்கவில்லை, ஒன்பதும் ஒன்றும் எடுக்கவில்லை, சுவர் சும்மா சுவராக நின்றிருக்கிறது, பேசினதெல்லாம் மனுஷர்கள். ஒரு முழு வாசல், நாள் முழுக்க எல்லார் கண்ணிலும் படுகிற தடிச்சுவர், இந்த ஜன்னலில் மட்டும் ஆள் உட்கார இடம் இருக்கிறது என்று வந்தவர்கள் எல்லாம் சொல்வார்கள், அண்ணன் சொல்வான், ஏன் என்று ஒருத்தர் கேட்கவில்லை. சாஸ்திரம் சாஸ்திரம் என்றார்களே, நம்பினவர்களாக இருந்தால் அளந்திருப்பார்கள். அப்பா நம்பினார், அதனால் அளந்தார், அளந்ததால் சுவர் கட்டினார். இவர்கள் நம்பவில்லை. இவர்களுக்கு ஒன்பது தேவைப்பட்டது. குழந்தை தங்கவில்லை என்றால் சொல்ல ஓர் இடம், தண்ணீர் இல்லை என்றால் சொல்ல ஓர் இடம், பெண்ணைக் கட்டிக் கொடுக்காமல் வீட்டு வேலைக்கும் பிள்ளை வளர்க்கவும் வைத்துக்கொண்டதற்குச் சொல்ல ஓர் இடம். அறுபத்தொரு வருஷம். நானும் அளக்கவில்லை. டேப் என் தலைப்பில் இருந்தது. அதற்கு எந்தச் சுவரில் முட்டிக்கொள்வது.

"சார், இந்த ரூமுக்கு என்ன பேர் போடட்டும்? பெட்ரூமா?" "ஒன்பதுன்னே போடும்மா. எல்லாரும் அப்படித்தான் சொல்லுவோம். ஹிஸ்டரி இல்லையா." அவள் எழுதக் குனிகிறாள். பேனாவைப் பார்க்கிறேன். "எழுதாதே" என்கிறேன். என் குரல்தான். அவள் நிமிர்கிறாள், பூபாலன் என்னைப் பார்க்கிறான், என் பையைப் பார்க்கவில்லை, என்னை. "இது எட்டடி. ரெண்டு புள்ளி நாலு நாலு எட்டடி. நீயே போட்டுப் பாரு." அவள் போனில் தட்டுகிறாள். "ஆமாம்மா. எட்டு. சரியா எட்டு." "என்ன அத்தை நீங்க" என்கிறான் பூபாலன், "அப்பா ஒன்பதுன்னுதானே சொல்வாரு. மிஷின்ல ஏதாவது..." "மிஷின் வேண்டாம். உன் ஸ்கூட்டர் பெட்டியில இரும்பு டேப் இருக்கு. எடுத்துட்டு வா." "இப்ப எதுக்கு அத்தை?" "ஒரு ஆள் எண்ணினது எண்ணிக்கை இல்ல. எடுத்துட்டு வா." போகிறான். நான் எண்ணுகிறேன், படி ஐந்து இறங்கினான், படி ஐந்து ஏறினான். வந்து படிக்கு வெளியே நிற்கிறான். "உள்ள வா" என்கிறேன். நிற்கிறான். இந்தத் திட்டில் உட்கார்ந்து ஒரு பெட்டிக்கு ஒரு வாய் வாங்கினவன், ஐம்பத்திரண்டு வயது, வழுக்கை விழுந்துவிட்டது, படியைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான், குளிர்ந்த தண்ணீரில் கால் வைக்கப் போகிறவன் மாதிரி. காலை வைக்கிறான். ஒன்றும் ஆகவில்லை. "அந்த முனையை அங்க வை. குனி. பூச்சோட ஒட்டி வை, இடுக்கு விடாதே." நான் எழுந்து மேற்குச் சுவரில் என் முனையை வைத்து, கட்டைவிரலால் அழுத்திக்கொள்கிறேன். டேப் நடுவில் தொய்கிறது, "இழு" என்கிறேன், இழுக்கிறான், நேராக நிற்கிறது. "எவ்வளவு?" அவன் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்குகிறான். உதடு அசைகிறது. "கேக்கலை." "எட்டு அத்தை." "அந்தப் பக்கம் மிக்சி ஓடுது. சத்தமா சொல்லு." "அத்தை, நானே அப்புறமா இந்திராகிட்ட..." "சத்தமா." அவன் அந்தப் பெண்ணைப் பார்க்கிறான், அவள் பேனாவை வைத்துக்கொண்டு காத்திருக்கிறாள். "எட்டு" என்கிறான், கத்துகிறான். மிக்சி நிற்கிறது. சமையற்கட்டிலிருந்து இந்திரா, "என்னங்க எட்டு?" என்கிறாள். அவன் டேப்பை விட்டுவிடுகிறான், அது சர்ரென்று சுருண்டு என் கையில் வந்து அடிக்கிறது, வலிக்கிறது, நான் கையை எடுக்கவில்லை. "அவளுக்குச் சொல்லிட்டு வண்டலூர்க்காரனுக்கும் போன் பண்ணிடு" என்கிறேன், "கார் வேண்டாம்." பையைத் தூக்கித் திட்டில் வைத்து ஜிப்பைத் திறக்கிறேன். மேலே இருக்கிற பச்சைப் புடவையை எடுத்து, தொண்ணூற்றாறு அங்குலத்தில் எதையும் மடிக்கிற அதே பழக்கத்தில் நாலாக மடித்து அலமாரியில் வைக்கிறேன். ஒன்று.